உழவர் சந்தை விலைப்பலகை: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். விவசாயியே நேரில் விற்கிறார், நடுவில் தரகர் இல்லை என்கிறார்கள். பிறகு உழவர் சந்தையிலும் ஏன் இந்த விலை? 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பலரும் இதைத்தான் கேட்டார்கள். அப்போது தமிழக அரசு, கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. உழவர் சந்தைப் பலகையிலோ வெளிக்கடை விலையோடு சேர்ந்து எண்ணும் ஏறிக்கொண்டிருந்தது.

இதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு. விலை விழுந்து, பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டும் படங்கள் வரும்போது, ஊரில் உழவர் சந்தை இருக்கிறதே, அங்கே போய் விற்கக் கூடாதா என்பார்கள்.

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. சந்தை வாசலில் தினமும் எழுதி வைக்கும் விலைப்பலகை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், சந்தையால் எது முடியும், எது முடியாது, அங்கே போய் எதை வாங்கினால் லாபம் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

எந்தச் சந்தை எது

பேச்சில் எல்லாமே சந்தைதான். காய்கறி கைமாறும் இடங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

1. கமிஷன் மண்டி: விவசாயி சரக்கைக் கொண்டுவந்து இறக்குவார். மண்டிக்காரர் ஏலம் போட்டோ பேசியோ வியாபாரிக்கு விற்றுத் தருவார், விற்ற தொகையில் கமிஷன் எடுத்துக்கொள்வார். ஒட்டன்சத்திரம், கோயம்பேடு, மதுரை மாட்டுத்தாவணி போன்றவை மண்டிகள் நிறைந்த பெரிய சந்தைகள். ஒட்டன்சத்திரத்துச் சரக்கில் பெரும் பங்கு கேரளத்துக்குப் போகிறது.

2. ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்: அரசு நடத்துவது. நெல், நிலக்கடலை, பருத்தி, கொப்பரை போன்றவற்றுக்கு. வீட்டுக்குக் காய் வாங்குகிறவருக்கு இங்கே வேலை இல்லை.

3. வாரச் சந்தை: வாரத்தில் ஒரு நாள் கூடுவது. விவசாயி, வியாபாரி, பாத்திரக்காரர், கருவாட்டுக்காரர் என யாரும் கடை போடலாம், சுங்கம் கட்டினால் போதும். விலை பேரம்தான்.

4. உழவர் சந்தை: வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை நடத்துவது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி, தன் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் சந்தையிலேயே தருவார்கள். விலையை அவரும் வைக்க முடியாது, நாமும் வைக்க முடியாது. பலகைதான் வைக்கும்.

வந்த வழி

பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' என்ற பெயரில் விவசாயிகளின் நேரடிச் சந்தை தொடங்கியது. அதைப் பார்த்து ஆந்திரம் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று முதல்வர் மு. கருணாநிதி மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையைத் திறந்தார். ஓரிரு ஆண்டுகளில் எண்ணிக்கை 100 ஆனது. 2001இல் ஆட்சி மாறியதும் திட்டம் கவனிப்பாரற்றுப் போனது, சில சந்தைகள் மூடிக் கிடந்தன. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்து, புதியனவும் சேர்ந்து, 180ஐ ஒட்டிய எண்ணிக்கைக்கு வளர்ந்தது. ஒரு காய்கறிச் சந்தை திறந்திருக்குமா மூடியிருக்குமா என்பதைத் தேர்தல் முடிவு தீர்மானித்த காலம் அது. இப்போது யார் வந்தாலும் மூடுவது கடினம். ஈரோடு சம்பத் நகர், திருச்சி தென்னூர், கோவை ஆர்.எஸ்.புரம், சேலம் சூரமங்கலம் போன்ற இடங்களில் காலைக் கூட்டத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்.

பலகையில் ஏறும் எண்

அதிகாலையில் சந்தையின் நிர்வாக அலுவலரும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து அன்றைய விலையை முடிவு செய்வார்கள். அதற்கு இரண்டு தகவல்கள் வேண்டும். பக்கத்து மொத்தச் சந்தையில் அன்று என்ன விலை, ஊரில் சில்லறைக் கடைகளில் என்ன விலை. பொது விதி இதுதான்: மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக, சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக.

கவனியுங்கள், விளைவிக்க ஆன செலவு இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. விதை, உரம், பறிகூலி என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. மண்டி விலை எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து ஒரு படி மேலே பலகை நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக நான் எடுத்துக்கொண்டவை.

15 கிலோ தக்காளிப் பெட்டி மண்டியில் 300 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள், கிலோ 20 ரூபாய். 10 சதவீதக் கமிஷன் என்றால் 30 ரூபாய் போய்விடும். வண்டி வாடகை, இறக்குக்கூலி என்று இன்னொரு 30. விவசாயி கையில் 240, அதாவது கிலோவுக்கு 16. அதே தக்காளியை 20 ரூபாய்க்கு எடுத்த கடைக்காரர் ஏற்றி வந்து, நசுங்கியதைக் கழித்து, கடை வாடகையும் தன் லாபமும் சேர்த்து 30 ரூபாய்க்கு விற்கிறார்.

உழவர் சந்தையில்? மொத்த விலை 20உடன் 20 சதவீதம் சேர்த்தால் 24. சில்லறை விலை 30இல் 15 சதவீதம் கழித்தால் 25.50. ஆக பலகையில் 24 அல்லது 25 என்று எழுதுவார்கள். வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு 5 அல்லது 6 ரூபாய் மிச்சம். விவசாயிக்கு 16 கிடைத்த இடத்தில், வண்டி வாடகை போகும் முன் 24. விதி அழகாக வேலை செய்கிறது.

இந்த 16க்கும் 30க்கும் இடையிலுள்ள பள்ளம் கற்பனையல்ல. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின்படி, நுகர்வோர் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேர்வது தக்காளியில் சுமார் 33, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 ரூபாய்தான். இது நாடு முழுவதற்குமான மதிப்பீடு. பக்கத்து ஊர்ச் சரக்கு பக்கத்து ஊரில் விற்றால் பங்கு கொஞ்சம் கூடும்.

விலை ஏறும்போது விதி ஏன் இடிக்கிறது

சரி, இப்போது தக்காளி ஏறிவிட்டது. மண்டியில் கிலோ 80. கடைக்காரரின் வாடகை, ஏற்றுக்கூலி, கழிவு எல்லாம் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஏறக்குறைய நிலையானவை. தக்காளி நாலு மடங்கு ஏறினால் அவர் செலவும் நாலு மடங்கு ஏறாது. விலை கூடினால் வாங்குகிறவர் அரைக் கிலோவோடு நிறுத்திவிடுவார் என்ற பயமும் இருக்கும். அதனால் அவர் 15 ரூபாய் வைத்து 95க்கு விற்கிறார்.

இப்போது விதியைப் போட்டுப் பாருங்கள். 80உடன் 20 சதவீதம் சேர்த்தால் 96. 95இல் 15 சதவீதம் கழித்தால் சுமார் 81. முதல் கணக்குப்படி உழவர் சந்தை கடையைவிட ஒரு ரூபாய் கூடுதல், இரண்டாவது கணக்குப்படி மண்டி விலையேதான். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. குழு நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து 88 என்று எழுதும். பலகையைப் பார்க்கிறவருக்கு 'கடையில் 95, இங்கே 88, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று தோன்றும்.

அப்புறம் விலை விழுகிறது. மண்டியில் கிலோ 4, கடையில் 12. விதிப்படி 4.80க்கும் 10.20க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விலை வைக்கலாம். 7 என்று வைத்தால் வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம், விவசாயிக்கு மண்டி விலையைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு.

இதிலிருந்து கிடைப்பவை:

1. உழவர் சந்தையின் நன்மை பெரிதாகத் தெரிவது சரக்கு கொட்டிக் கிடக்கும் காலத்தில். தட்டுப்பாட்டுக் காலத்தில் அது விலையைப் பெரிதாகக் குறைக்காது. அதற்கு அரசு வேறு இடத்திலிருந்து வாங்கி, நட்டத்தைத் தாங்கி விற்க வேண்டும். 2023இல் 60 ரூபாய்த் தக்காளி வந்தது அந்த வழியில்தான்.

2. இது மண்டிக்கு மாற்று அல்ல. மண்டி இல்லாவிட்டால் பலகையில் எழுத எண்ணே கிடைக்காது. ஒட்டன்சத்திரத்தில் காற்றடித்தால் இங்கே பலகை ஆடும்.

3. பலகை விலை உச்சவரம்பு. அதற்கு மேல் விற்றால் தவறு, கீழே விற்கத் தடையில்லை. நேரம் ஆக ஆக, மிச்சச் சரக்கைத் திரும்பத் தூக்கிப் போக மனமில்லாமல் விவசாயியே குறைத்துக் கொடுப்பார்.

சாலையோரம் கொட்டுகிறவர் ஏன் இங்கே வருவதில்லை

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேலே முதலில் போட்ட கணக்கில், வண்டி வாடகையைக் கழிக்காமல் பார்த்தால், கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதல் கிடைக்கிறது. 60 கிலோ கொண்டுவந்தால் 480 ரூபாய். இதற்காக ஒருவர் இருட்டோடு கிளம்பி, முற்பகல் வரை உட்கார்ந்து, அரைக் கிலோ, ஒரு கிலோவாக நிறுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் அதற்கு ஓர் ஆள் இருந்தால் நல்ல வருமானம்.

ஒரு ஏக்கரில் தக்காளி மட்டும் போட்டவர் ஒரே பறிப்பில் 600 கிலோ எடுப்பார். அதை இங்கே விற்க, வீட்டுக்கு ஒரு கிலோ வாங்கும் 600 பேர் அவர் ஒருவர் கடைக்கே வர வேண்டும். நடக்காது. அவருக்கு மண்டிதான் வழி, மண்டி விழுந்தால் சாலையோரம்தான்.

ஆகவே உழவர் சந்தை யாருக்கு ஒத்துவருகிறது என்றால், கொஞ்சம் நிலத்தில் பலவிதமாகப் பயிர் வைத்திருப்பவருக்கு. நாலு பாத்தி கீரை, வரப்போரம் அவரை, ஒரு துண்டில் கத்தரி, கிணற்றடியில் வாழை. மண்டியில் 10 கிலோ கத்தரிக்காயை யாரும் மதிக்க மாட்டார்கள், இங்கே அது இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சந்தையில் நீங்கள் பார்க்கும் சரக்கின் குணத்தைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்.

எதை இங்கே வாங்குவது, எதை விடுவது

பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தன்னிடமுள்ள சர்க்கரையை எரிக்கிறது, நீரை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த மூச்சின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகும். நம் ஊர் வெயிலில், குளிர்வசதி இல்லாத லாரியில், தார்ப்பாய்க்கடியில் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாக் காயும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதில்லை. கீரை, வெண்டை, பச்சைப் பட்டாணி போன்றவை வேகமாக எரிந்துவிடும். உருளை, பெரிய வெங்காயம், பூண்டு, பூசணி எல்லாம் தூங்குகிற வகை, வாரக்கணக்கில் தாங்கும். அதனால் 'நேற்று மாலை பறித்தது' என்பதற்கு எல்லாக் காயிலும் ஒரே மதிப்பு இல்லை. நான் பிரிப்பது இப்படி.

1. கீரை: உழவர் சந்தைக்குப் போக இது ஒன்றே போதுமான காரணம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி எல்லாம் அன்று காலையோ முந்தைய மாலையோ அறுத்தவை. கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாக இருந்தால் கட்டிப் பல மணி நேரம் ஆகிவிட்டது, வீட்டுக்குப் போவதற்குள் மஞ்சளாகும். அறுத்த நுனி வெளுப்பாக, ஈரமாக இருந்தால் புதிது, கரும்பழுப்பு என்றால் பழையது. மேலே தெளித்த தண்ணீரை நம்ப வேண்டாம், அது வாடலை மறைக்கும்.

2. வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை: இரண்டாவது காரணம். வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பதைக் கடைக்காரர் திட்டுவார், சோதனை என்னவோ சரியானதுதான். ஒவ்வொரு காயையும் ஒடிக்காதீர்கள், ஒடித்ததை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். கத்தரியில் காயைவிடக் காம்பைப் பாருங்கள். காம்பின் தொப்பி பச்சையாக, காயோடு ஒட்டி, முள் குத்தினால் புதிது. சுருங்கிப் பழுப்பானால் நாள் ஆகிவிட்டது. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தந்த வட்டாரத்து நாட்டு ரகங்கள் பெரிய கடைகளின் அடுக்குகளுக்கு வருவது அபூர்வம், இங்கே வரும்.

3. பந்தல் காய்கள்: புடலை, பீர்க்கு, பாகல், சுரை. நகத்தால் லேசாக அழுத்தினால் சுரைத்தோலில் தடம் பதிய வேண்டும். பதியாவிட்டால் முற்றியது, விதைக்குத்தான் ஆகும்.

4. மரவள்ளிக்கிழங்கு: இதைப் பலர் கவனிப்பதில்லை. மண்ணுக்குள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். முனையை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமோ கருப்போ கோடு ஓடியிருந்தால் வேண்டாம்.

5. தக்காளி: புளிப்பும் சாறும் வேண்டும் என்றால் நாட்டுத் தக்காளி. தோல் மெல்லியது, பயணம் தாங்காது, அதனாலேயே பக்கத்து ஊரிலிருந்துதான் வரும். ரசத்துக்கு அதுதான். வதக்கிக் குழம்பு வைக்க, நாலு நாள் வைத்திருக்கக் கெட்டித் தோல் ஹைப்ரிட் பரவாயில்லை.

6. உருளை, பெரிய வெங்காயம், பூண்டு: இவற்றுக்காக இங்கே வர வேண்டாம். பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்தோ மலையிலிருந்தோ மண்டி வழியாக வருபவை. எங்கே வாங்கினாலும் ஒரே சரக்கு. சின்ன வெங்காயம் வேறு கதை. திண்டுக்கல், பெரம்பலூர், நாமக்கல் பக்கங்களில் விளைவது, உழவர் சந்தைக்கு விவசாயியே கொண்டுவருவார். ஈரம் காயாத புது வெங்காயம் எடை கூடுதலாக நிற்கும், சீக்கிரம் அழுகும். சேர்த்து வாங்கினால் தோல் சலசலக்கும் அளவு காய்ந்ததாகப் பாருங்கள்.

வாங்கி வந்தபின் எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டியில் திணிப்பதும் சரியில்லை. தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றும் வெப்பநாட்டுச் செடிகளின் காய்கள். நீடித்த குளிரில் தக்காளி மணத்தை இழக்கும், கத்தரியில் குழிக்குழியாகப் பழுப்பு விழும். கீரைக்கு மட்டும் குளிரும் ஈரமும் வேண்டும், துணியில் சுற்றி வையுங்கள்.

உட்கார்ந்திருப்பவர் விவசாயிதானா?

அட்டை வாங்க, நிலம் இருப்பதற்கும் அதில் என்ன பயிர் இருக்கிறது என்பதற்கும் கிராம நிர்வாக அலுவலர், வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலர் சான்று வேண்டும். அட்டையில் படம் இருக்கும், குடும்பத்தினரும் வந்து விற்கலாம். காகிதத்தில் இது இறுக்கமான ஏற்பாடு. நடைமுறையில் வியாபாரிகள் நுழைகிறார்கள் என்ற புகார் தொடக்கம் முதலே உண்டு, அது பொய்யும் அல்ல. மண்டியில் எடுத்த சரக்கை யாரோ ஒருவர் அட்டையின் பேரில் விற்பது கடினமான காரியம் இல்லை.

கண்டுபிடிக்கக் காயைப் பார்த்தால் போதும். ஒரே கடையில் 15 வகை, அதில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பெரிய வெங்காயம் எல்லாம் இருந்தால், சமவெளியில் அப்படி ஒரு தோட்டம் இருக்க வழியில்லை. மலைக்காய்கறிக்குப் பல சந்தைகளில் தனி ஏற்பாடு உண்டு, அதை இதோடு குழப்ப வேண்டாம். உண்மையான விவசாயியிடம் இரண்டு முதல் ஐந்து வகைதான் இருக்கும். அளவு சீராக இருக்காது, பெரிதும் சிறிதும் கலந்திருக்கும், ஒன்றிரண்டில் பூச்சிக்கடியும் தெரியும். அடுத்த வாரம் என்ன வரும் என்று கேளுங்கள். தோட்டக்காரர் யோசிக்காமல் சொல்வார்.

சந்தை வாசலுக்கு வெளியே, இரண்டு பக்கமும் நடைபாதையில் கடை போட்டிருப்பவர்கள் உழவர் சந்தையில் சேர மாட்டார்கள். உள்ளே எழுதியிருக்கும் விலை அவர்களைக் கட்டுப்படுத்தாது. 'உழவர் சந்தையில் ஏமாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சில் கணிசமான பகுதி வெளியே வாங்கியவர்களுடையது.

மாதம் தெரிந்தால் விலை தெரியும்

பலகை மண்டியைப் பின்தொடர்கிறது, மண்டி மழையையும் பஞ்சாங்கத்தையும் பின்தொடர்கிறது. மழைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்தால் முருங்கைப் பூ கொட்டிவிடும், தக்காளி வெடித்து அழுகும், கீரைப் பாத்தியில் நீர் நிற்கும். பிறகு வரும் வாரங்களில் முருங்கைக்காய் ஒன்றின் விலை பேச்சுப்பொருளாகும். அதே முருங்கை கோடையில் கேட்பாரற்றுக் கிடக்கும்.

பஞ்சாங்கத்தின் பக்கத்தை அவ்வளவாக யோசிப்பதில்லை. புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் நின்றுவிடும், காய்கறித் தேவை கூடும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப விரதக்காரர்கள். ஆவணி, தை, வைகாசியில் முகூர்த்தங்கள், வாழை இலையும் பூசணியும் ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த அளவுக்குத் தேவை இறங்கும். ஓணத்துக்கு முந்தைய வாரம் தேனி, திண்டுக்கல் பக்கத்துச் சரக்கு கேரளத்துக்குப் போய்விடும், இங்கே விலை எகிறும்.

மார்கழி, தை மாதங்களை ருசிக்காகவே குறித்து வைக்கலாம். பச்சை மொச்சை, பச்சைத் துவரை, அவரை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் சில வாரங்களுக்கு மட்டும் வருபவை. பொங்கல் கூட்டுக்குழம்பு அந்த மாதத்துக் காய்களை வைத்தே அமைந்தது.

'இயற்கை' என்று எழுதியிருந்தால்

உழவர் சந்தையில் வாங்குவதெல்லாம் மருந்தடிக்காதது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நேரடியாக விற்பது வேறு, மருந்தில்லாமல் விளைவிப்பது வேறு. பூச்சிக்கொல்லி ஒவ்வொன்றுக்கும், தெளித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. கத்தரி, வெண்டை போல அடிக்கடி பறிக்கும் காய்களில் அதைக் கடைப்பிடிப்பது கடினம், பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான். மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்தைக் காய்கறிக்கு அடிப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

'இயற்கை விளைபொருள்' என்று பலகை வைத்தால் சான்று கேட்கலாம். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சரிபார்க்கும் முறை ஒன்று, வெளி அமைப்பு சோதித்துத் தரும் முறை இன்னொன்று. இரண்டும் அரசு அங்கீகரித்தவை. சான்று இல்லாமல் உண்மையாகவே மருந்தில்லாமல் விளைவிப்பவரும் உண்டு, அது பழக்கத்தில் தெரிய வேண்டியது. எப்படியானாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் ஒட்டியதில் ஒரு பகுதி போகும், உள்ளே இறங்கியது போகாது.

மாம்பழத்துக்குத் தனியாக ஒரு வரி. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். எத்திலீன் வாயுவால் குறித்த அளவுக்குள் பழுக்க வைக்க அனுமதி உண்டு. எல்லாப் பக்கமும் ஒரே சீரான மஞ்சளாய், காம்பருகே மணமே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எத்தனை மணிக்குப் போவது

சந்தை அதிகாலையில் தொடங்கிவிடும். 7 மணிக்குள் போனால் கீரையில் நல்ல கட்டு உங்களுக்கு. முற்பகல் ஏற ஏற சரக்கு குறையும், விலையும் இறங்கும். கீரையும் வெண்டையும் வேண்டும் என்றால் முதலில் போங்கள், தொக்குக்கோ ஊறுகாய்க்கோ ஐந்து கிலோ தக்காளி வேண்டும் என்றால் கடைசியில் போங்கள். 2022 முதல் சில ஊர்களில் மாலையிலும் சந்தை நடக்கிறது. அங்கே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் சிறுதானியம், எண்ணெய், பருப்பு போன்றவைதான் அதிகம், காலைக் கீரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

தராசில் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு வைத்தபின் எண் பூஜ்யத்துக்கு வந்ததா என்பதையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சந்தை அலுவலகத்தில் கேட்டு மறு எடை போட்டுக்கொள்ளலாம். பலகையை வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது. 30 காய்களின் விலை யாருக்கும் நினைவிருக்காது, விற்பவருக்கும் சில நேரம் இருக்காது. சில்லறை நோட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். 15 ரூபாய்க் கீரைக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால், காலை ஆறரை மணிக்கு அவரிடம் மீதி இருக்காது.